ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்ட ரொக்கம்: சி மொழி கேள்வி-பதில்

சி மொழியில் வேலை செய்கிற எல்லாரிடமும் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) நறுக்க, ஓரத்து இடைவெளியை நீக்க, பஃபரை (தகவலைச் சேர்த்து வைக்கும் இடத்தை) வளர்க்க, நினைவகத்தில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்க என்று பத்துப் பதினைந்து ஃபங்ஷன்கள். எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் அதைத்தான் எடுத்து வைத்துக்கொள்வோம். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியதற்கு நம் பக்கத்து ஊர்களிலிருந்தே இவ்வளவு கடிதம் வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். நீளமாகச் சொல்ல வேண்டியதை நீளமாகவே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, அக்கா கல்யாணத்துக்கு மொய் எழுத நானே சி-யில் ஒரு புரோகிராம் எழுதினேன். பெயர், ஊர், வகை (ரொக்கம் என்பது போல), தொகை என்று நான்கையும் அடுத்தடுத்து ஒன்றாக வைக்கும் ஒரு ஸ்ட்ரக்சர். ஊருக்கு 32 பைட். காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் சரியாக வருகிறது. கானாடுகாத்தான் என்று அடித்தால் மட்டும் ரசீதில் 'கானாடுகாத்' என்று வந்து, பக்கத்தில் ஒரு கட்டம், அதை ஒட்டி 'ரொக்கம்' என்று அச்சாகிறது. ஸ்ட்ரிங்கை நகலெடுக்க ஸ்ட்ர்காப்பி ஆபத்து என்று சொன்னதால், எத்தனை பைட் என்று எல்லை வைக்கும் ஸ்ட்ர்என்காப்பிதான் போட்டேன். எங்கே தப்பு?
- இரண்டாம் ஆண்டு மாணவி, காரைக்குடி

பதில்: தங்கச்சி, ஸ்ட்ர்என்காப்பியை நம்பியதுதான் தப்பு. அதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை, அதன் பெயரைப் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

முதலில் கணக்கு. எழுத்துகளைக் கணினி பைட்டாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். நாம் 'கா' என்று ஓர் எழுத்தாகப் படிப்பது உள்ளே க, அப்புறம் கால் என்று இரண்டு குறியீடு, ஆக 6 பைட். காரைக்குடி நம் கண்ணுக்கு 5 எழுத்து, உள்ளே 10 குறியீடு, 30 பைட், முடிவைக் காட்டும் பூஜ்யத்தோடு சேர்த்து 31. உங்கள் 32-க்குள் மயிரிழையில் அடங்கிவிட்டது. கானாடுகாத்தான் 14 குறியீடு, 42 பைட். ஸ்ட்ர்என்காப்பி 32 பைட்டை எண்ணி எடுத்து வைத்தது. 30-வது பைட்டில் 'கானாடுகாத்' முடிகிறது, அடுத்த 'த'-வின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் ஏறியிருக்கிறது, அந்த அரைகுறைதான் நீங்கள் பார்த்த கட்டம். இடம் நிரம்பிவிட்டதால் அது கடைசியில் பூஜ்யம் வைக்கவே இல்லை. அச்சடிக்கும் பிரிண்ட்எஃப் பூஜ்யத்தைத் தேடிக்கொண்டே போய், ஸ்ட்ரக்சரில் அடுத்ததாக இருந்த வகைக்குள் நுழைந்து, 'ரொக்கம்' என்று அச்சடித்துவிட்டு அதன் கடைசியில் இருந்த பூஜ்யத்தில்தான் நின்றது.

ஸ்ட்ர்என்காப்பி இப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய யூனிக்ஸில் கோப்பின் பெயருக்கு 14 பைட் என்று நிலையான இடம். பெயர் 14-ஐயும் நிரப்பிவிட்டால் பூஜ்யம் வேண்டாம், குறைந்தால் மீதியெல்லாம் பூஜ்யம். அந்த மாதிரி இடங்களை நிரப்பத்தான் இது வந்தது. சாதாரண ஸ்ட்ரிங்கைப் பாதுகாப்பாக நகலெடுக்க வந்தது இல்லை.

எஸ்என்பிரிண்ட்எஃப் போட்டால் பாதி தீரும். கொடுத்த இடத்துக்குள் நின்று, கடைசியில் பூஜ்யமும் வைக்கும். முழுவதும் எழுதியிருந்தால் எத்தனை பைட் ஆகியிருக்கும் என்ற எண்ணையும் திருப்பித் தரும், அந்த எண் உங்கள் இடத்தின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதுவும் பைட்டைத்தான் எண்ணும், 'த'-வின் நடுவிலேயே வெட்டும்.

அதனால் சொந்தமாக ஒன்று எழுதுங்கள், இருபது வரிகூட வராது. போக வேண்டிய இடம், அந்த இடத்தின் அளவு, மூல ஸ்ட்ரிங் என்று மூன்றையும் வாங்க வேண்டும். அடங்கினால் நகலெடுத்துவிட்டு 'முழுசாக வந்தது' என்று சொல்ல வேண்டும். அடங்காவிட்டால், அளவில் ஒன்று குறைத்த இடத்தில் நின்று, வெட்டுக்கு வெளியே விழப்போகிற முதல் பைட்டைப் பாருங்கள். யுடிஎஃப்-8-இல் ஒரு குறியீட்டின் நடுப் பைட்டுகள் எல்லாம் 128-லிருந்து 191-க்குள் இருக்கும். அப்படி இருக்கும்வரை பின்னால் நகருங்கள். தமிழில் ஒரு குறியீட்டின் முதல் பைட் எப்போதும் 224, அது கிடைத்ததும் நில்லுங்கள். இத்தோடு கட்டம் போய்விடும்.

தமிழுக்கு இது மட்டும் போதாது. உங்கள் இடம் 28 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 27 பைட்டில் 9 குறியீடு ஒழுங்காக அடங்கும், கட்டம் வராது, ஆனால் கிடைப்பது 'கானாடுகாத', புள்ளி வெளியே விழுந்துவிட்டது. எழுத்தே மாறிவிடுகிறதே. ஆகவே வெளியே விழப்போகிற குறியீடு புள்ளியா, கால், கொம்பு போன்ற உயிர்க்குறியா என்று இன்னொரு முறை பார்த்து, ஆமாம் என்றால் அதன் மெய்யையும் சேர்த்து விட்டுவிடுங்கள். ஆங்கிலப் புத்தகங்களில் வரும் மாதிரி ஃபங்ஷன்களில் இந்தச் சோதனை இருக்காது, நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, 32 நம் ஊருக்குப் பத்தவே பத்தாது. பெயருக்கு முன்னால் போடும் விலாசத்து எழுத்துகள் (இனிஷியல்) நான்கு, புள்ளி நான்கு, அப்புறம் தாத்தா பெயர் வைத்த பிள்ளையின் முழுப்பெயர் என்று மொய் எழுத உட்கார்ந்தால் நீளம் எங்கேயோ போகும். பெயருக்கு 256 வையுங்கள். ஆயிரம் பேர் மொய் செய்தாலும் 2,56,000 பைட்தான், இன்றைய கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. அப்படியும் வெட்டுப்பட்டால் ஃபங்ஷன் சொல்லும் பதிலைப் பார்த்துத் திரையில் காட்டுங்கள். மொய் ஏட்டில் ஒருவர் பெயர் சத்தமில்லாமல் குறைந்துபோகக் கூடாது.

கேள்வி: சார், ஸ்ட்ர்எல்காப்பி என்று ஒன்று இருக்கிறதாமே, என் லினக்ஸில் இல்லை என்கிறது.
- தேவகோட்டை

பதில்: அளவுக்குள் நின்று நகலெடுக்கும் அந்த ஃபங்ஷன் 1998-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் வந்தது. லினக்ஸில் பரவலாக இருக்கும் ஜிலிப்சி என்ற சி நூலகம் அதைச் சேர்க்க 2023 ஆகிவிட்டது, 2.38 பதிப்பில்தான் உள்ளே வந்தது. உங்களுடையது அதற்கு முந்தியது. புதுசாக மாற்ற முடியாவிட்டால் எஸ்என்பிரிண்ட்எஃப் வைத்தே ஓட்டுங்கள், தமிழ் எழுத்தை நடுவில் வெட்டுவதில் இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: ஐயா, நான் ஆத்தங்குடிக் கல் வியாபாரம். ஆர்டர்களை எக்செலில் இருந்து கமா போட்ட கோப்பாக எடுத்து, பையன் எழுதிக் கொடுத்த சி புரோகிராமில் போட்டு லேபிள் அடிக்கிறோம். சில ஆர்டரில் போன் நம்பர் இருந்த இடத்தில் ஊர் வருகிறது, ஊர் இருந்த இடத்தில் எண்ணிக்கை வருகிறது. 1,250 கல் என்று போட்டால் 1 கல் என்று லேபிள் வருகிறது. பையன் வெளியூரில் இருக்கிறான்.
- ஆத்தங்குடி

பதில்: இரண்டு தனித்தனிப் பிழை, இதைப் பையனுக்கு அப்படியே அனுப்புங்கள்.

தம்பி, நீங்கள் ஸ்ட்ர்டோக் வைத்துக் கமாவைப் பிரித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது அடுத்தடுத்து இரண்டு கமா வந்தால் இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடும், நடுவில் காலி இடம் ஒன்று இருந்தது என்றே சொல்லாது. போன் நம்பர் தராத வாடிக்கையாளருக்கு எல்லாக் கட்டமும் ஒன்று இடது பக்கம் நகர்ந்துவிடுகிறது. போதாததற்கு அது மூல ஸ்ட்ரிங்கையே வெட்டி எழுதும், எங்கே விட்டோம் என்பதையும் தனக்குள்ளேயே ஒளித்து வைத்துக்கொள்ளும், ஒரு வரியைப் பிரிக்கும்போது நடுவில் இன்னொன்றைப் பிரித்தால் முதலாவது தொலைந்தது. அதற்குப் பதில் ஸ்ட்ர்செப் போட்டால் காலி இடத்தையும் தரும். இல்லை, ஸ்ட்ர்சிஎச்ஆர் வைத்து அடுத்த கமா எங்கே என்று தேடி, தொடக்கத்தையும் நீளத்தையும் தரும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை நீங்களே எழுதுங்கள், நான் அதைத்தான் செய்வேன். மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமாவை மட்டும் பிரிக்காமல் விட வேண்டும், ஏனென்றால் 1,250 என்று கமாவோடு இருக்கும் எண்ணை எக்செல் மேற்கோள் குறிக்குள் போட்டுத்தான் தரும்.

அடுத்தது எண். ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும் ஏடூஐ '1,250'-ஐப் படித்தால் 1 என்றுதான் சொல்லும், கமாவைக் கண்டதும் நின்றுவிடும். 'ஐந்நூறு' என்று எழுத்தில் கொடுத்தால் 0 என்று சொல்லும். உண்மையிலேயே 0 போட்டிருந்தாலும் 0தான் சொல்லும், வித்தியாசம் தெரிய வழியே இல்லை. அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ர்டோல், தான் எந்த இடத்தில் நின்றது என்பதையும் சுட்டிக் காட்டும். முதலில் கமாக்களை நீக்கிவிட்டு (நம் வழக்கத்தில் 1,00,000 என்றும் வரும், எனவே மூன்று இலக்கத்துக்கு ஒன்று என்று எதிர்பார்க்காதீர்கள்), ஸ்ட்ர்டோல் போட்டு, நின்ற இடம் ஸ்ட்ரிங்கின் கடைசியா, ஓர் இலக்கமாவது படித்ததா, அளவுக்கு மீறிப்போனதா என்று மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியானால் மட்டும் லேபிள் அடியுங்கள். 1,250 கல் கேட்டவர் வீட்டுக்கு 1 என்று போனால் நஷ்டம் வியாபாரத்துக்கு.

கேள்வி: சார், 10,000 வரி அறிக்கை ஒன்றை ஒரே ஸ்ட்ரிங்கில் ஸ்ட்ர்கேட் போட்டுச் சேர்க்கிறேன். முதலில் வேகமாகப் போகிறது, போகப் போக நகரவே மாட்டேன் என்கிறது.
- கோட்டையூர்

பதில்: நம் ஊர்ப் பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஸ்ட்ர்கேட் ஒவ்வொரு வரியையும் கையில் வைத்துக்கொண்டு முகப்பிலிருந்து கிளம்பி, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் கடந்து, கடைசி எங்கே என்று பார்த்து, அங்கே வைத்துவிட்டு மறுபடி முகப்புக்கு வந்து அடுத்ததை எடுக்கிறது. வரிக்கு 50 பைட் என்றால் உங்கள் அறிக்கை மொத்தம் 5 லட்சம் பைட்தான், ஆனால் அது நடந்து பார்த்த பைட் கிட்டத்தட்ட 250 கோடி.

கடைசி எங்கே என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். ஒரு ஸ்ட்ரக்சரில் மூன்று விஷயம்: பஃபர் இருக்கும் முகவரி, இதுவரை நிரம்பிய நீளம், மொத்தக் கொள்ளளவு. சேர்க்கும் ஃபங்ஷன் ஒன்று, அது நீளத்தின் இடத்துக்கு நேரே போய் மெம்காப்பி வைத்துப் பைட்டுகளை நகலெடுக்கும், இடம் பத்தாவிட்டால் கொள்ளளவை இரட்டிக்கும். 64-இல் தொடங்கினால்கூட 13 முறை இரட்டித்தாலே உங்கள் 5 லட்சம் அடங்கிவிடும். வரிக்கு 50, 50-ஆக வளர்த்தால் பழையபடி 10,000 முறை, ஒதுக்கிய இடத்தைப் பெரிதாக்கும் ரீஅலாக்கைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

ரீஅலாக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது, பெரிய அனுபவஸ்தர்களே விழுகிற இடம். அது தரும் முகவரியை நேராகப் பழைய பஃபரின் பெயருக்கே போட்டுவிடுவார்கள். இடம் கிடைக்காவிட்டால் ரீஅலாக் வெற்று முகவரியைத் தரும், பழைய பஃபர் அப்படியே உயிரோடுதான் இருக்கும், ஆனால் அதன் முகவரியை நாம் இப்போது அழித்துவிட்டோம், உள்ளே இருந்த அறிக்கையும் போச்சு, விடுவிக்கவும் முடியாது. வேறொரு மாறியில் வாங்கி, சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.

கேள்வி: லேபில், அடிக்கிற வரியை கெட்ஸ் போட்டுத்தான் படிக்கச் சொல்கிறார்கள். வீட்டில் கம்பைலர் எச்சரிக்கிறது.
- பள்ளத்தூர்

பதில்: கம்பைலர் சொல்வதைக் கேளுங்கள். கெட்ஸுக்கு இடம் எவ்வளவு என்று சொல்ல வழியே கிடையாது, வருவதையெல்லாம் கொட்டிக்கொண்டே போகும். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மாரிஸ் வோர்ம் என்ற தானே பரவும் நச்சு நிரல், ஒரு கணினியின் பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவையில் இருந்த ஒரு கெட்ஸ் வழியாகவும் உள்ளே புகுந்தது. 2011-இல் வந்த சி மொழித் தரத்திலிருந்து அதை எடுத்தே விட்டார்கள். இடத்தின் அளவையும் கேட்டு வாங்கும் எஃப்கெட்ஸ் போடுங்கள், வரி முடிவுக் குறி கூடவே வரும், அதை நீக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, கோப்பிலிருந்து ஊர்ப்பெயர் படித்து ஒப்பிடுகிறேன். அச்சடித்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஸ்ட்ர்கம்ப் மட்டும் வேறு வேறு என்கிறது. மூன்று நாளாகப் பார்க்கிறேன்.
- குன்றக்குடி

பதில்: கண்ணால் பார்ப்பதை விட்டுவிடுங்கள் தம்பி, பைட்டைப் பாருங்கள். என் கோப்பில் நான் அதிகம் பயன்படுத்துவது நினைவகத்தைக் கொட்டிக் காட்டும் ஃபங்ஷன்தான். முகவரியும் நீளமும் கொடுத்தால், வரிக்கு 16 பைட்டாக எண்களை அச்சடித்து, ஓரத்தில் அச்சிடத்தக்கவற்றை எழுத்தாகவும் மற்றதைப் புள்ளியாகவும் காட்டும். அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம், இத்தனை வருஷத்தில் அது எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த இரவுகளுக்குக் கணக்கே இல்லை.

அதில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். கோப்பு விண்டோஸில் எழுதப்பட்டிருந்தால் கடைசியில் 13 என்று ஒரு பைட் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் வரி மட்டும் பொருந்தவில்லை என்றால் தொடக்கத்தில் 239, 187, 191 இருக்கிறதா பாருங்கள், யுடிஎஃப்-8 என்று அடையாளம் காட்ட சில எடிட்டர்கள் வைக்கும் குறி அது. மூன்றாவது தமிழுக்கே உரியது. 'கோட்டையூர்' என்பதில் 'கோ'-வை க, அப்புறம் ஓகாரக் குறி ஒன்று என்றும் எழுதலாம், க, இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடாகவும் எழுதலாம். யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், திரையிலும் ஒன்றுதான், ஆனால் ஒன்று 30 பைட், மற்றது 33. ஒப்பிடும் முன் கொம்பும் காலும் (ஔகாரத்தில் கொம்பும் ள போன்ற குறியும்) சேர்ந்து வருவதை ஒற்றைக் குறியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கு மட்டும் செய்தால் போதும்.

கேள்வி: ஓரத்து இடைவெளியை நீக்கும் என் டிரிம் ஃபங்ஷன் லினக்ஸில் நன்றாக ஓடுகிறது. விஷுவல் ஸ்டுடியோவில் தமிழ் வந்தால் மட்டும் அசெர்ஷன் என்று பிழை காட்டும் பெட்டி வருகிறது.
- காரைக்குடி

பதில்: நம் லேப்டாப்களில் ஒரு பைட்டை வைக்கும் கேர் வகை பொதுவாகக் குறியுள்ளது, அதாவது மைனஸ் எண்ணும் கொள்ளும், 224 அங்கே மைனஸ் 32 ஆகிவிடும். இடைவெளியா என்று சோதிக்கும் ஐஸ்ஸ்பேஸுக்கு இப்படி மைனஸ் எண் கொடுப்பது தரப்படி தப்பு, லினக்ஸ் பொறுத்துக்கொள்கிறது, விஷுவல் ஸ்டுடியோ பொறுப்பதில்லை. கொடுக்கும்போது குறியில்லாத கேராக மாற்றிக் கொடுங்கள். வெற்று ஸ்ட்ரிங் வந்தால் 'நீளத்தில் ஒன்று குறைவு' என்ற இடத்தைத் தொடாதீர்கள், டிரிம் எழுதும் பலர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: சார், புரோகிராம் நடுவில் செத்துப்போகிறது. பத்து இடத்தில் பிரிண்ட்எஃப் போட்டேன். மூன்றாவது வரை அச்சாகிறது, அதனால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பிழை என்று தேடுகிறேன், ஒன்றுமே இல்லை.
- தேவகோட்டை

பதில்: பிழை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்கூட இருக்கலாம். பிரிண்ட்எஃப் எழுதுவது உடனே திரைக்குப் போவதில்லை, ஒரு பஃபரில் சேர்ந்து நிற்கும். திரை என்றால் வரி முடிந்ததும் போகும், கோப்புக்குத் திருப்பிவிட்டிருந்தால் பஃபர் நிறைந்தால்தான் போகும். நடுவில் செத்தால் அதில் நின்றதெல்லாம் கூடவே போய்விடும். பிழைச் செய்திக்கென்றே இருக்கும் எஸ்டிடிஎர்ர்-க்கு எழுதுங்கள், அது காத்திருக்காது.

கையோடு ஒரு மேக்ரோ செய்துகொள்ளுங்கள். கோப்பின் பெயர், வரி எண், ஃபங்ஷனின் பெயர் மூன்றையும் கம்பைலரே தரும், அதோடு உங்கள் செய்தியையும் சேர்த்து எஸ்டிடிஎர்ர்-க்கு எழுத வேண்டும். உடலை டூ, வைல் பூஜ்யம் என்ற கூட்டுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் இஃப், எல்ஸ் நடுவில் வரும்போது உடையும்.

நிபந்தனை பொய்யானால் புரோகிராமை நிறுத்தும் அசெர்ட்டும் தாராளமாகப் போடுங்கள், ஆனால் அதற்குள் வேலை எதையும் வைக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு சிறு தொழிற்கூடத்துக்கு எடை இயந்திரத்திலிருந்து எண் வாங்கும் புரோகிராம் எழுதினேன். இயந்திரத்தைப் படிக்கும் அழைப்பையே அசெர்ட்டுக்குள் எழுதி, சரியாகப் படித்ததா என்று அங்கேயே சோதித்திருந்தேன். என் மேசையில் அழகாக ஓடியது. அவர்களுக்குக் கொடுக்கும்போது என்டிபக் போட்டுக் கம்பைல் செய்தேன், அசெர்ட் எல்லாம் மறைந்தது, அதோடு படிக்கும் அழைப்பும் மறைந்தது. அன்று மதியம் வரைக்கும் எல்லா மூட்டைக்கும் எடை பூஜ்யம் என்று பதிவாகியிருந்தது, அத்தனையையும் மறுபடி தூக்கி வைத்து எடை போட்டார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் பிழைக்குச் சீக்கிர வழி, ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் இருக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துக் கம்பைல் செய்து ஓட்டுவது. பஃபரைத் தாண்டி எழுதினாலோ, விடுவித்த இடத்தைத் தொட்டாலோ அந்த வரியிலேயே நிறுத்தி, யார் எங்கே ஒதுக்கிய இடம் என்பதுவரை சொல்லிவிடும். ஓட்டம் மெதுவாகும், அதனால் சோதிக்கும்போது மட்டும் வையுங்கள். ஆனால் முதல் கடிதத்தில் கானாடுகாத்தானோடு ரொக்கம் ஒட்டிக்கொண்டதே, அதை இது பிடிக்காது. ஊரும் வகையும் ஒரே ஸ்ட்ரக்சருக்குள் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றதற்குள் போவதை அது தன் இடத்துக்குள் நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது.